பொருள்: வடிப்பான் பக்கம் திரைவாசிப்பானுக்கு வசப்படாதது குறித்தும், தங்கள் ஊழியர் அமைத்த தவறான விதியால் என் அஞ்சல்கள் அழிந்தது குறித்தும் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சல் சேவையைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்திவரும் சந்தாதாரர் நான். எனக்குப் பார்வை முற்றிலும் இல்லை. திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானின் துணையோடு, விசைப்பலகை வழியாகவே கணினியில் எல்லா வேலைகளையும் செய்கிறேன். வரும் அஞ்சல்களை நாம் வகுக்கும் விதிகளின்படி தானாகவே பிரிக்கும் வடிப்பானுக்காக அமைப்புகள் பகுதியில் உள்ள பக்கத்தை என்னால் இயக்க முடியவில்லை என்று அரட்டையிலும் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் மாறி மாறி முறையிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு புதிய புகார் எண்ணைப் பெற்று, ஒவ்வொரு புதிய ஊழியரிடமும் முதலிலிருந்து அனைத்தையும் சொல்லி ஓய்ந்த பிறகே இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்தப் பழைய எண்கள் எல்லாம் இப்போது "தீர்வு காணப்பட்டது" என்ற குறிப்புடன் மூடப்பட்டிருக்கின்றன. எதுவும் தீரவில்லை.

அந்தப் பக்கம் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதைத் தங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அதை உருவாக்கியவர்கள் தாங்கள். அது என் காதுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அனுப்புநரா, பொருள் வரியா என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் டேப் விசை நிற்பதே இல்லை. அம்பு விசைகளால் வரி வரியாகத் தேடிப் போனால் அங்கே "சொடுக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு தகவலும் கிடைப்பதில்லை. அது கீழ்விரி பட்டியலா பொத்தானா, விரிந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, இப்போது எது தேர்வாகியிருக்கிறது என்ற எதுவும் எனக்குச் சொல்லப்படுவதில்லை. என்டர் விசையை அழுத்தினால் பட்டியல் எங்கோ விரிகிறது. ஆனால் ஃபோகஸ், அதாவது விசைப்பலகை இயக்கும் இடம், அங்கே போகாமல் பக்கத்தின் தலைக்குத் திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு விதிக்கும் அருகில் உள்ள திருத்து, நிறுத்திவை, நீக்கு என்னும் மூன்றும் எனக்குப் பெயரில்லாத மூன்று பொத்தான்கள். எதை அழுத்தினால் எது அழியும் என்பதை அழுத்திப் பார்த்துத்தான் அறிய வேண்டும். சேமித்த பின் மௌனம். சேமிக்கப்பட்டதாக ஒரு செய்தி திரையின் ஓரத்தில் தோன்றிச் சில நொடிகளில் மறையும் என்று தங்கள் ஊழியர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

விதிகளின் வரிசையை மாற்றுவதற்கு மவுஸால் பிடித்து இழுத்து வைப்பதைத் தவிர வேறு வழியே அந்தப் பக்கத்தில் இல்லை. வரிசை எவ்வளவு முக்கியமானது என்பது தாங்கள் அறியாததன்று. விதிகள் மேலிருந்து கீழாகச் செயல்படுகின்றன; மேலே உள்ள ஒரு விதியில் "இதற்குப் பிந்தைய விதிகளைச் செயல்படுத்தாதே" என்ற தேர்வு இருந்தால், அதற்குப் பொருந்திய அஞ்சல் கீழே உள்ள விதிகளைச் சென்றடைவதேயில்லை. அப்படியிருக்க, வரிசையை மாற்ற முடியாத ஒருவருக்கு வடிப்பான் என்ற வசதியே இல்லை என்றுதான் பொருள்.

வடிப்பான் இல்லாமலும் அஞ்சல் படிக்கலாமே என்று அரட்டையில் வந்த ஊழியர் ஒருவர் கேட்டார். பார்வையுள்ளவர் உள்பெட்டியைத் திறந்ததும் ஒரே பார்வையில் முழுப் பட்டியலையும் மேய்ந்து, வேண்டாதவற்றைத் தாண்டி, வேண்டிய அஞ்சலில் போய் நிற்கிறார். திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவருக்குப் பட்டியல் ஒவ்வொரு வரியாகத்தான் வந்து சேரும்: அனுப்புநர், பொருள், தேதி, இணைப்பு உண்டா இல்லையா, பிறகு அடுத்த வரி. விளம்பரங்களும் குழு மடல்களும் தானியங்கி அறிவிப்புகளும் கலந்து கிடக்கும் உள்பெட்டியில் எனக்கு வேண்டிய ஓர் அஞ்சலைக் கண்டுபிடிக்க, வேண்டாத அத்தனையையும் நான் காதால் கேட்டுக் கடக்க வேண்டும். பார்வையுள்ளவரின் கண் செய்யும் வேலையை எனக்கு வடிப்பான்தான் செய்கிறது. ஆகவே இதைக் கூடுதல் வசதி என்று பெயரிட்டு ஒதுக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கைப்பேசிச் செயலியில் முயன்று பார்க்கச் சொன்னார்கள்; தங்கள் செயலியில் வடிப்பான் அமைக்கும் இடமே கிடையாது என்பது சொன்னவருக்குத் தெரியவில்லை. தண்டர்பேர்டு போன்ற, கணினியில் நிறுவிக்கொள்ளும் அஞ்சல் மென்பொருளில் விதிகளை அமைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த விதிகள் கணினியில் அந்த மென்பொருள் திறந்திருக்கும்போது மட்டுமே வேலை செய்யும், தங்கள் வழங்கியிலேயே (சர்வரிலேயே) இயங்கும் விதிகளைப் போல எந்நேரமும் செயல்படாது. இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது திரைப்பகிர்வில் நடந்தது.

தங்கள் தொழில்நுட்பப் பிரிவின் "மூத்த நிபுணர்" என்று அறிமுகப்படுத்தப்பட்டவர் என்னைத் திரைப்பகிர்வுக்கு அழைத்தார். இணைந்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, "பக்கத்துல கண்ணு தெரியுறவங்க யாராவது இருக்காங்களா? அவங்ககிட்ட போனைக் குடுங்க" என்பது. யாரும் இல்லை, என் கணக்கை நானே கையாள விரும்புகிறேன் என்றேன். நான் பக்கத்தை இயக்கிக் காட்டத் தொடங்கியதும், "அந்தச் சத்தத்தை முதல்ல நிறுத்துங்க, எனக்குப் பேச முடியல" என்றார். அவர் சத்தம் என்று சொன்னது என் திரைவாசிப்பானின் குரலை. அதை நிறுத்தினால் என் முன்னால் இருப்பது எனக்கு ஒன்றும் தெரியாத பெட்டி. அதையும் அவரிடம் சொன்னேன். நிறுத்தாவிட்டால் அழைப்பைத் துண்டித்துப் புகாரை மூடிவிடுவதாகச் சொன்னார். நிறுத்தினேன். அதன் பின் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, மவுஸால் எதையோ செய்து முடித்து, "பாருங்க, வேலை செய்யுதே, பிரச்சினை எங்க பக்கம் இல்ல" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். பார்க்கச் சொன்னது பார்வையற்ற ஒருவரிடம், அவருடைய திரைவாசிப்பானையும் நிறுத்தச் சொன்ன பிறகு.

அவர் செய்து வைத்தது என்ன என்பதையும் தாங்கள் கேட்டாக வேண்டும். ஒரு குறிப்பிட்ட விளம்பர முகவரியிலிருந்து வருவதாகவும், பொருள் வரியில் "அறிவிப்பு" என்ற சொல்லைக் கொண்டதாகவும் இருக்கும் அஞ்சல்களை மட்டும் குப்பைக்கு அனுப்ப வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியிருந்தேன். அவரோ "எல்லா நிபந்தனைகளும்" என்பதற்குப் பதிலாக "ஏதேனும் ஒரு நிபந்தனை" என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்துவிட்டார். அன்றிலிருந்து யார் அனுப்பினாலும் பொருள் வரியில் அறிவிப்பு என்று இருந்த அஞ்சல் எல்லாம் எனக்குத் தெரியாமல் குப்பைக் கோப்புறைக்குப் போயிற்று. தங்கள் சேவையில் குப்பைக் கோப்புறை 30 நாட்களில் தானாகவே காலியாகிவிடுகிறது. என் வாழ்க்கையையே மாற்றியிருக்கக்கூடிய ஒரு பணிக்கான நேர்முகத் தேர்வு அறிவிப்பு அதில் போயிற்று. அந்த நிறுவனம் தொலைபேசியில் விசாரித்தபோதுதான் அப்படி ஓர் அஞ்சல் வந்திருந்ததே எனக்குத் தெரிந்தது. அதற்குள் அந்த இடத்துக்கு வேறொருவரை நியமித்துவிட்டார்கள். இனி எத்தனை விண்ணப்பம் போட்டாலும் அப்படியொரு வாய்ப்பு எனக்கு வரப்போவதில்லை. இத்தனை காலப் படிப்பும் உழைப்பும் அவருடைய ஒரு சொடுக்கில் வீணாயின.

விதியை நான் ஏன் சரிபார்க்கவில்லை என்று தாங்கள் கேட்கலாம். சரிபார்க்க வழி எங்கே இருக்கிறது? விதிகளின் பட்டியலில் "எல்லாம்", "ஏதேனும்" என்ற வேறுபாடு ஒரு சிறு படக்குறியாக மட்டுமே காட்டப்படுகிறது. அந்தப் படத்துக்கு, திரைவாசிப்பான் படிப்பதற்கான மாற்று உரை எழுதப்படவில்லை. திரைவாசிப்பான் அதை ஓசையின்றித் தாண்டிவிடுகிறது.

இதைச் சொல்லி முறையிட்டபோது வந்த பதில், அந்த விதி என் கணக்கிலிருந்து உருவாக்கப்பட்டிருப்பதால் பொறுப்பும் என்னுடையதே என்பது. அதற்குப் பின் அனுப்பிய முறையீட்டுக்கு, சிக்கல் உள்ள இடத்தில் சிவப்பு வட்டமிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புமாறு பதில் வந்தது. பார்வையற்றவர் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்த மடலுக்குத்தான் இந்தப் பதில். அருள்கூர்ந்து அந்த மடலைத் தாங்களே எடுத்துப் படித்துப் பாருங்கள்.

தங்கள் தளத்தின் அடியில் அணுகல்தன்மை அறிக்கை ஒன்று இருக்கிறது. வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் 2.1 பதிப்பை, அடிப்படையான 'ஏ'-வுக்கு அடுத்த 'ஏஏ' நிலையில் நிறைவேற்றுவதாக அதில் எழுதியிருக்கிறீர்கள். வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் வெளியிட்ட 2.0 பதிப்பிலேயே, எல்லாச் செயல்பாடும் விசைப்பலகையால் இயங்க வேண்டும் என்று 2.1.1 விதி சொல்கிறது. பக்கத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயரும் பங்கும் மதிப்பும் திரைவாசிப்பான் அறியும்படி இருக்க வேண்டும் என்று 4.1.2 விதி சொல்கிறது. இவை இரண்டும் அடிப்படையான 'ஏ' நிலையைச் சேர்ந்தவை. சேமிக்கப்பட்டது போன்ற நிலைச் செய்திகள் ஃபோகஸ் நகராமலே வாசிக்கப்பட வேண்டும் என்னும் 4.1.3 விதி 2018-இல் வந்த 2.1 பதிப்பில் உள்ளது. இழுத்து வைப்பதை ஒரே வழியாக வைக்கக் கூடாது என்பதை 2023-இன் 2.2 பதிப்பு தனி விதியாகவே சேர்த்துவிட்டது. எச்டிஎம்எல் மொழியில் தொடக்க காலம் முதலே இருக்கும் சாதாரணத் தேர்வுப் பட்டியலைப் பயன்படுத்தியிருந்தால் என் சிக்கலில் பாதி எழுந்தே இருக்காது. தாங்கள் நிறைவேற்றாத ஒன்றை நிறைவேற்றியதாக எழுதி, அதை நம்பிப் பணம் கட்டியவரை அலையவிடுவதற்கு என்ன பெயர் வைப்பது?

நான் செய்ய முடியாததைக் கேட்கவில்லை. விதிகளுக்கு அருகில் "மேலே நகர்த்து", "கீழே நகர்த்து" என்று இரண்டு பொத்தான்கள் வைத்தால் வரிசைச் சிக்கல் தீர்ந்துவிடும். பொத்தான்களுக்குப் பெயர் கொடுப்பது தங்கள் பொறியாளர்களுக்குப் பெரிய வேலையன்று. முழுப் பக்கத்தையும் சீர்செய்யக் காலம் பிடிக்கும் என்றால், அதுவரை சீவ் மொழியில் விதிகளை எழுதிக்கொள்ள ஓர் எளிய உரைப்பெட்டியைத் திறந்துவிடுங்கள். அஞ்சல் வடிப்பானுக்கென்றே உருவாக்கப்பட்டு, 2008-இல் ஆர்எஃப்சி 5228 என்னும் இணையத் தர ஆவணமாகப் பதிவான தரம் அது. வெறும் எழுத்துகளால் ஆனது என்பதால் எந்தத் திரைவாசிப்பானிலும் எழுத்தெழுத்தாகப் படித்துச் சரிபார்க்கலாம். அப்படி ஒரு பெட்டி மட்டும் இருந்திருந்தால் அந்த நிபுணரின் உதவி எனக்குத் தேவைப்பட்டிருக்காது.

பார்வையுள்ள யாரிடமாவது கொடுத்துச் செய்துகொள்ளுங்கள் என்ற அறிவுரையை இனி ஒருவரும் எனக்குச் சொல்ல வேண்டாம். என் அஞ்சலில் மருத்துவ அறிக்கைகள் இருக்கின்றன, வங்கிக் கடிதங்கள் இருக்கின்றன, என் குடும்பத்தார் எனக்கு மட்டும் எழுதியவை இருக்கின்றன. கடவுச்சொல்லை எவரிடமும் பகிராதீர்கள் என்று மாதந்தோறும் எனக்கு எச்சரிக்கை மடல் அனுப்புகிறவர்களும் தாங்கள்தாம்.

அழிந்த அஞ்சல்களைத் தங்கள் காப்புப்படிகளிலிருந்து மீட்டுத் தர வேண்டும்; மீட்க இயலாதென்றால் அதை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும், ஏனெனில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்த நிறுவனத்திடம் காட்ட என்னிடம் வேறு சான்று இல்லை. வடிப்பான் பக்கம் எந்த நாளுக்குள் சரிசெய்யப்படும் என்பதைத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ததைத் திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்துபவர் ஒருவரிடம் கொடுத்துச் சோதித்த பிறகே வெளியிட வேண்டும்; அந்தச் சோதனைக்கு நானே வரவும் அணியமாக இருக்கிறேன். அந்தத் திரைப்பகிர்வின் பதிவு தங்களிடம் இருக்கும். அதை முழுவதும் கேட்டுவிட்டு, அந்த ஊழியரிடமிருந்து எனக்கு எழுத்துவழி மன்னிப்பு வர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

15 நாட்களுக்குள் பொறுப்பான பதில் வரவில்லையெனில், புகார் எண்கள், அரட்டைப் பதிவுகள் அனைத்தையும் இணைத்து நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான அமைப்பிலும் முறையிடுவேன். தங்கள் அணுகல்தன்மை அறிக்கையையும் அம்முறையீட்டுடன் சேர்த்து வைப்பேன். அந்த நிலைக்குப் போகாமல் தாங்களே முன்வந்து தீர்த்துவைப்பீர்கள் என்று இன்னும் நம்புகிறேன். இத்தனை ஆண்டுகளின் அஞ்சல்களைத் தங்களிடம் ஒப்படைத்திருக்கும் எனக்கு வேறிடம் மாறுவதும் எளிதன்று.

பதிலைச் சாதாரண உரை மடலாக அனுப்பவும். படமாகவோ, ஸ்கேன் செய்த கடிதமாகவோ அனுப்பினால் என்னால் படிக்க இயலாது.

இப்படிக்கு,
தங்கள் கட்டணச் சந்தாதாரர்