நாயோடு ஆக்ஸ்போர்டு: பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்றாவது புகார்க் கடிதம்

மதிப்பிற்குரிய சுற்றுலா நிறுவன மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயமாக நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று தானாக வரும் பதில்தான் வந்தது. ஐந்து முறை போன் செய்தேன். ஐந்து முறையும் வேறு வேறு ஆள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அதனால் முழுதையும் எழுதியே அனுப்புகிறேன். தயவுசெய்து நீங்களே படியுங்கள், கீழே யாருக்கும் தள்ளிவிடாதீர்கள்.

முன்பதிவு விவரம் உங்களிடம் இருக்கிறது. உங்கள் 'செல்லத்தோடு' பேக்கேஜ், ஜூலை 11 வெள்ளி முதல் 13 ஞாயிறு வரை, இரண்டு இரவு, மூன்று பேர், ஒரு நாய். மொத்தம் 642 பவுண்டு. அதில் எங்கள் முத்துவுக்கு என்று தனியாக 60. நீங்கள் அனுப்பிய ஆரஞ்சு ஸ்டிக்கரும் மஞ்சள் கூப்பன்களும் இன்னும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. எதையும் எங்கேயும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

ஏன் உங்களிடம் வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 78 வயது. சாயர்புரத்துக்காரர், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வாரம் எங்களோடு இருக்க குராய்டன் வந்திருந்தார். வந்த நாளிலிருந்து லண்டனில் எதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டதில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஆக்ஸ்போர்டில் ஜி.யு.போப் கல்லறை. எங்கள் ஊரில் போப் பெயரைக் கேட்காமல் யாரும் வளர்வதில்லை. சாயர்புரத்தில் ஊழியம் செய்தவர், பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், 1886இல் குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தவர். 1908இல் இறந்து, வால்டன் ஸ்ட்ரீட் பக்கம் இருக்கும் செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானவர். அப்பா தன் பழைய குறள் புத்தகத்தை, முதுகு கிழிந்து பழுப்புத்தாள் ஒட்டிய அதே புத்தகத்தை, வேட்டிகளுக்கு நடுவில் வைத்து ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தார். அங்கே நின்று செய்ந்நன்றி அறிதல் பத்துக் குறளையும் வாசிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

முத்துவை விட்டுவிட்டு வர வழியில்லை. பதினொரு வயது லாப்ரடார், இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது, காலையும் மாலையும் மாத்திரை. "நாயும் வரலாம், கல்லூரி முற்றம் வரை கூடவே வரலாம், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று தமிழிலேயே விளம்பரம் போட்டிருந்தீர்கள். நம்ம ஆட்கள் என்று நம்பிக் கட்டினேன்.

இப்போது அந்த மூன்றாவது போன் அழைப்புக்கு வருகிறேன், ஏனென்றால் என்னால் மறக்க முடியாதது அதுதான். சனிக்கிழமை காலை பத்தரை மணி. உங்கள் நடைச்சுற்றுலாவின் முதல் கல்லூரி வாசல். வட்டத் தொப்பி போட்ட காவலாளர் மரியாதையாகத்தான் சொன்னார், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் நாய்களைத் தவிர வேறு நாய்களை உள்ளே விட மாட்டோம் என்று. அவர்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. ஆக்ஸ்போர்டு கல்லூரிகளில் பெரும்பாலும் இதுதான் வழக்கம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியாமல் இருக்கலாம். நாய்க்கென்று பேக்கேஜ் விற்கும் உங்களுக்குத் தெரியாதா? உடனே உங்கள் எண்ணைக் கூப்பிட்டேன். இருபத்தைந்து நிமிஷம் பாட்டு ஓடியது. பிறகு எடுத்த அந்தத் தம்பி சொன்ன வார்த்தை இது: "நாய்தானேண்ணா, கார்ல போட்டுட்டு வாங்க. ஏன் இவ்வளவு பெருசாக்குறீங்க?"

அன்று முப்பது டிகிரியைத் தாண்டிய வெயில். வெளியே 22 டிகிரி இருந்தாலே மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 வரை ஏறும் என்று இந்த நாட்டு விலங்கு நல அமைப்பு வருஷா வருஷம் கத்திக்கொண்டிருக்கிறது. நாய் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். முத்துவைக் கொல்லச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். "உங்க இஷ்டம்ணா" என்று சொல்லி வைத்துவிட்டார். என் மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும். அதைப் போட்டுக் கேளுங்கள் ஐயா, உங்கள் வீட்டில் ஒரு நாய் இருப்பதாக நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

வெள்ளி இரவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விடுதியில் முதல் மாடி அறை, லிஃப்ட் கிடையாது. உங்கள் படிவத்தில் நாயின் எடை 31 கிலோ, மூட்டு வலி உண்டு, தரைத்தள அறை வேண்டும் என்று நான் நிரப்பியிருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் தன் கணினித் திரையைத் திருப்பியே காட்டினார். மூன்று பேர் என்று மட்டும்தான் அதில் இருந்தது. நாய் என்ற சொல்லே இல்லை. அங்கே 20 கிலோவுக்கு மேல் நாய்களை ஏற்பதில்லையாம். கெஞ்சிய பிறகு இரவுக்கு 25 பவுண்டு வீதம் கூடுதலாக வாங்கிக்கொண்டு விட்டார்கள். அப்படியென்றால் என்னிடம் வாங்கிய 60 பவுண்டு எங்கே போனது? ஒவ்வொரு முறை வெளியே போகவும் முத்துவை நானும் மனைவியும் துண்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பதினெட்டுப் படிகள்.

அறை இருந்ததோ கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்குப் பக்கத்தில். அங்கே டாம் டவரில் இருக்கும் ஆறு டன் மணி தினமும் இரவு 9.05க்கு 101 முறை அடிக்கும். கல்லூரி தொடங்கிய காலத்து மாணவர்கள் கணக்குக்காக அடிக்கும் பழைய வழக்கம் அது. ஊர் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சத்தத்துக்குப் பயப்படும் நாய் என்று உங்கள் படிவத்தில் கட்டம் இருந்தது, நான் டிக் செய்திருந்தேன். டிக்கைப் பார்த்துவிட்டு அந்த மணிக்குக் கீழேயே அறை போட்டிருக்கிறீர்கள். முத்து கட்டிலுக்கு அடியில் புகுந்து, அத்தனை அடியும் முடியும்வரை என் முழங்கையில் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டு நடுங்கினான்.

சரி, சனிக்கிழமைக்கே வருகிறேன். நான்காவது அழைப்பில் ஒரு அம்மா பேசினார், தன்மையாகத்தான் பேசினார். தங்களோடு ஒப்பந்தம் உள்ள நாய்க் காப்பகம் இருக்கிறது, அரை மணி நேரத்தில் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று முகவரி அனுப்பினார். இடம் ஆபிங்டன் தாண்டி. அரை மணி நேரம்தானே என்று அப்பாவையும் மனைவியையும் ராட்கிளிஃப் சதுக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, முத்துவோடு நடந்து விடுதிக்குப் போய் கார் எடுத்தேன். ஏ34 சாலையில் வண்டி ஊர்ந்தது. போய்ச் சேர்ந்தால் வாசலிலேயே கேட்ட முதல் கேள்வி, கென்னல் காஃப் (நாய்களுக்குத் தொற்றும் இருமல் நோய்) தடுப்பூசிச் சான்றிதழ் எங்கே? அது இல்லாமல் ஒரு நாயையும் சேர்க்க மாட்டார்களாம். நியாயம்தான். ஆனால் இதை அந்த அம்மா போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கிளம்பியே இருக்க மாட்டேனே! எங்கள் முன்பதிவு பற்றி அவர்களுக்கு உங்களிடமிருந்து எந்தத் தகவலும் வரவில்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

நான் திரும்பி வந்தபோது மணி மூன்றரை. நடுவில் இரண்டு முறை மனைவி போன் செய்தாள். வழியில்தான் இருக்கிறேன், வந்ததும் சேர்ந்தே கல்லறைக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்பா கல் படியில் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, குறள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பரவாயில்லப்பா, முத்து தண்ணி குடிச்சானா?" என்று கேட்டார். எழுந்தபோது முழங்கால் மடங்கவில்லை. இரவுக்குள் வீங்கிவிட்டது. ஞாயிறு அவரால் ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை. திங்கள் காலை அவருக்கு விமானம். கல்லறைக்கு நாங்கள் போகவே இல்லை. அந்தக் கல்லறைக் கல்லை போப்பின் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்தார்கள் என்று அதில் பொறித்திருக்கும். அதைத் தன் கண்ணால் வாசிக்கத்தான் அப்பா எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டி வந்தார். திரும்ப ஒருமுறை வருவாரா என்று எனக்குத் தெரியாது. அவருடைய பயணமே வீண். அதைக் கெடுத்தது நீங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாயோடு பார்க்க முடியாத ஊர் இல்லை அது. சனிக்கிழமை மாலை தெருவில் ஒரு பெண்மணி முத்துவைத் தடவிக்கொடுத்து, தன் பையிலிருந்து கிண்ணம் எடுத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கிறைஸ்ட் சர்ச் மெடோவுக்குப் போங்கள், வாரில் பிடித்துக்கொண்டால் நாய்க்குத் தடையில்லை என்றார். விடுதியிலிருந்து ஐந்து நிமிஷ நடை! ஆற்றங்கரை மரநிழலில் முத்து வயிறு தரையில் படப் படுத்து, வேலிக்கு அந்தப்பக்கம் மேய்ந்த நீளக் கொம்பு மாடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த இரண்டு நாளில் அவன் வால் ஆட்டியது அங்கேதான். வடக்கே போர்ட் மெடோ என்று உழவே படாத பெரிய மேய்ச்சல் வெளி, தேம்ஸ் கரையோடு பின்சி கிராமம் வரை நாயோடு நடக்கலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். உங்கள் கையேட்டில் பன்னிரண்டு பக்கம் இருக்கிறது. இந்த இரண்டு பெயரும் ஒரு பக்கத்திலும் இல்லை. நாய்களை விடாத கல்லூரிகளின் படங்கள்தான் நிறைய இருக்கின்றன. தெருவில் போகிற ஒருவர் இரண்டு நிமிஷத்தில் இலவசமாகச் சொன்னதை, 642 பவுண்டு வாங்கிக்கொண்டு உங்களால் சொல்ல முடியவில்லை.

எனக்குச் சேர வேண்டியது 2,500 பவுண்டு. பேக்கேஜ் 642, விடுதியில் கட்டிய 50, பெட்ரோலும் பார்க்கிங்கும் 28, அப்பாவின் விமான டிக்கெட் 780, மன உளைச்சலுக்கு 1,000. ஆயிரம் என்பது குறைவு என்றுதான் என் மனைவி சொல்கிறாள். "அடுத்த பயணத்தில் 15 சதவீதம் தள்ளுபடி" என்று போன வாரம் உங்கள் ஆள் அனுப்பிய செய்தியை இத்தோடு நிராகரிக்கிறேன். அடுத்த பயணம் என்று ஒன்று உங்களோடு இல்லை.

உங்களிடமும் நல்லவர்கள் வேலை பார்க்கலாம், எல்லோரையும் சேர்த்துத் திட்ட எனக்கு விருப்பமில்லை. முறையாக ஒரு பதில் வந்தால் உட்கார்ந்து பேசவும் தயார். இந்தக் கடிதம் கிடைத்து 14 நாளைக்குள் வரவில்லை என்றால், கிரெடிட் கார்டில் கட்டியதால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வங்கியிடமே பணத்தைக் கேட்பேன். 2018ஆம் ஆண்டு பேக்கேஜ் பயண விதிகளின்படி விற்றதைத் தர வேண்டிய பொறுப்பு உங்களுடையது, விடுதியின்மேல் தள்ள முடியாது. அப்புறம் சிறு உரிமைகோரல் நீதிமன்றம். படிவத்தை நிரப்பியே வைத்திருக்கிறேன்.

பணத்தோடு சேர்த்து எனக்கு வேண்டியது இன்னொன்று. அந்தத் தம்பி அப்பாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஊர் நேரம் காலை பத்துக்குமேல் அப்பா வீட்டில்தான் இருப்பார். எண் உங்கள் படிவத்திலேயே இருக்கிறது, அவசரத் தொடர்பு என்ற கட்டத்தில்.

இப்படிக்கு,
'செல்லத்தோடு' பேக்கேஜ் வாடிக்கையாளர்,
குராய்டன்.

இணைப்பு: விடுதி ரசீது, காப்பகம் கொடுத்த குறிப்பு, பயன்படுத்தாத ஆறு மஞ்சள் கூப்பன்கள்.