கோர்மனில ஆரும் பதுங்குகுழி வெட்டேல்லை

விசுவமடு
15.05.2025

டேய் ரூபன்,

தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு வரி எழுதேல்லை எண்டு நீ குரல்பதிவில தந்த பேச்சு முழுக்கக் கேட்டன். பேச்சைவிட நடுவில நீ இருமுறதுதான் யோசினையாக் கிடந்தது. டொக்டரிட்டப் போனியோ, இல்லாட்டி வழமைபோல மல்லித்தண்ணியோ? இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ. அண்ணை இரணைமடுவுக்குக் கீழ சிறுபோகம் விதைச்சிட்டார். எலெக்சன் முடிஞ்சுது, விரலில மை இன்னும் போகேல்லை. மார்ச்சில நாடு முழுக்கக் குரங்கு எண்ணச் சொன்னவங்கள் எல்லோ, அந்த 5 நிமிசமும் எங்கட வளவில ஒண்டும் இல்லை. பேப்பரை மடிச்சு வைக்க முழுக் குடும்பமும் வந்து மாமரத்தில இருந்து என்னைப் பார்க்குது.

இப்ப விசயத்துக்கு வாறன். அன்டோர் எண்ட ஸ்டார் வோர்ஸ் தொடர், ரெண்டாம் சீசன், எட்டாவது பாகம். பார்த்திட்டியோ? பார்க்கேல்லையெண்டா இந்தக் கடிதத்தை மூடி வைச்சிட்டு முதல் போய்ப் பார். 'டிஸ்னிக்காரன்ர காசில புரட்சியோ' எண்டு நீ போன வருசம் அடிச்ச நக்கல் எனக்கு மறக்கேல்லை. அதை நீயே திருப்பி எடுக்கிற மாதிரி ஒரு பாகம் இது.

எப்பிடிப் பார்த்தனீங்கள் எண்டு மட்டும் கேளாதை. அந்தச் சேவை இஞ்ச இல்லை, பெடியளிட்ட எல்லாம் இருக்கு. மே 6ஆம் திகதி, நாங்கள் இஞ்ச வோட்டுப் போட்ட அதே நாள், அமெரிக்காவில ஏழு, எட்டு, ஒன்பது மூண்டையும் ஒண்டாய் விட்டவங்கள். எங்களுக்கு அது 7ஆம் திகதி விடியப்புறம். பின்னேரம் கடைச் ஷட்டரை அரைவாசி இறக்கிப்போட்டு, திருத்த வந்த ஒரு பெரிய ரிவியில (சொந்தக்காரனுக்குச் சொல்லாதை) போட்டம். நான், வினோ, தர்சன், குண்டன், சோடாப்புட்டி மாஸ்டர். மாஸ்டர் ஓய்வு பெற்றாப்பிறகு எங்கட கடைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். அதே கண்ணாடி, அதே கோவம்.

தர்சனுக்கு முதலாம் சீசனில இருந்தே ஒரே கேள்விதான்: "அண்ணை, வாள் எப்ப வரும்?" வெளிச்ச வாள் இல்லாத ஸ்டார் வோர்ஸ் அவனுக்கு உப்பில்லாத சோறு. உலகம் முழுக்க இந்த முறைப்பாடு இருக்கு, அவனை மட்டும் பேசேலாது. மற்றப் பக்கத்தில, இதுதான் 1977க்குப் பிறகு வந்ததுகளுக்குள்ள திறம் எண்டு தலையில தூக்கி வைச்சு ஆடுறவையும் இருக்கினம். நான் அந்தக் கட்சி. மல்லாவியில படம் முடிய முதல் மண்ணெண்ணெய் முடிஞ்ச நாளில இருந்து எனக்கும் உனக்கும் கிரகத்தையே அழிக்கிற அந்த டெத் ஸ்டார் வெடிச்சதெண்டதில நம்பிக்கை இல்லை. இந்தத் தொடர்தான் அந்தச் சாமானைக் கட்டினதுக்கு ஆர் ஆர் விலை குடுத்தது எண்டு காட்டுது.

கோர்மன் எண்ட கிரகம் பட்டுக்குப் பேர்போனது. சிலந்தி வளர்த்து நூல் எடுக்கிற சனம். நிலத்துக்குக் கீழ கால்கைற் எண்டொரு கனிமம் கிடக்கு, டெத் ஸ்டாருக்கு வேணும். தோண்டினா கிரகமே நிலைக்காது. ஆகையால் சனத்தை அகற்றவேணும், அகற்றுறதுக்கு ஒரு காரணம் வேணும், காரணத்துக்கு அந்தச் சனம் கலகக்காரராய் இருக்கவேணும். இந்தக் கணக்கைப் பேரரசுக்காரர் இந்தச் சீசன்ர முதலாம் பாகத்திலேயே ஒரு கூட்டத்தில வைச்சுச் சரி பார்க்கிறாங்கள். முதலில பட்டு விளம்பரப் படம் ஓடுது, பிறகு பிரசாரப் பகுதிக்காரர் ரெண்டுபேர் எழும்பி, கோர்மன்காரரைப் பற்றி மற்றச் சனத்துக்கு எப்பிடி வெறுப்பு ஏத்தலாம் எண்டு பெருமையடிக்கினம். தயாரிச்ச ரொனி கில்ரோய் 1942 ஜனவரியில பெர்லின் ஓரத்தில நடந்த வான்சே கூட்டத்தை நினைச்சு அதை எழுதினதாய்ச் சொல்லியிருக்கிறார். 15 பேர் மேசையைச் சுத்தி இருந்து யூதரை முடிக்கிற வேலையைப் பிரிச்சுக் குடுத்த கூட்டம். கதையில அந்தக் கூட்டத்துக்கும் எட்டாவது பாகத்துக்கும் இடையில ரெண்டு வருசம்.

எட்டாவதில சனம் சதுக்கத்துக்கு வருது. முந்தி ஒருக்கால் பேரரசின்ர தளபதி டார்கின் கப்பலை இறக்கி நசிச்ச ஆக்களுக்கு அதே சதுக்கத்திலதான் நினைவுச்சின்னம் நிக்குது. சுத்திவரத் தடுப்புப் போட்டாச்சு. பயிற்சி காணாத பொடிப் பெடியளைப் படை எண்டு முன்னுக்கு விடுறாங்கள். சனம் தங்கட கீதத்தைப் பாடுது. அந்தப் பாசை இந்தத் தொடருக்கெண்டே கட்டினது, பிரெஞ்சு மாதிரி ஓசை. மொன்றியலில பிரெஞ்சோட மாரடிக்கிற உனக்கு அது எப்பிடிக் கேட்டதெண்டு சொல்லு. பிறகு கூரையில இருந்து ஒருத்தன் தங்கட ஆளையே சுடுறான். அவ்வளவுதான், தொடங்கிற்றுது.

இந்த நேரம் பார்த்து மனிசி தேத்தண்ணியோட வந்தவ. தட்டத்தைக் கையில வைச்சபடி நிண்டு பார்க்கிறா.

"உந்தச் சனத்துக்கு விசரோ? வாசல் முழுக்கப் பூட்டுறாங்கள், இவை பாட்டுப் பாடிக்கொண்டு நிக்கினம்."

சூடு தொடங்க, "எடியே, நிமிர்ந்து நிக்கிறாளே! படு பிள்ளை, படு!"

பெடியள் சிரிச்சிட்டாங்கள். மனிசிக்குக் கோவம். "ஒருத்தன் எண்டாலும் ஒரு பதுங்குகுழி வெட்டினானோ? ரெண்டு வருசமாய் என்ன செய்தவங்கள்?"

குண்டன் மட்டும் சிரிக்கேல்லை. "அது கல்லுப் பதிச்ச முத்தம் அக்கா, வெட்டேலாது" எண்டான். நம்பமாட்டாய், படத்தை நிப்பாட்டிப்போட்டு ரெண்டுபேரும் அதைக் கதைக்கத் தொடங்கிட்டினம். எவ்வளவு ஆழம், வாசலை எந்தப் பக்கம் திருப்பிறது, பனங்குத்தி கிடைச்ச மட்டும் எப்பிடி இருந்தது, கடைசிச் சண்டை நேரம் மாத்தளன் மணலில குழி இடிய இடியச் சீலையைக் கிழிச்சுப் பை தைச்சு மண் நிரப்பினது. கூறைச்சீலையையும் தைச்சதோ எண்டு குண்டன் கேட்க, "அதைத்தான் முதல் தைச்சது, பட்டு எல்லோ, உரம்" எண்டா. எனக்கே அது தெரியாது, ரூபன். கலியாண அல்பத்தோட போனதெண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான். தர்சன் 2008இல பிறந்தவன். வாயைத் திறந்தபடி இவை ரெண்டுபேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பாகத்தை எத்தனையோ பேர் அலசியிருப்பினம். இயக்கினவர் ஜேனஸ் மெட்ஸைப் புகழுறவை, ரொனியின்ர தம்பி டான் கில்ரோயின்ர எழுத்தைப் புகழுறவை, பேரரசுக்கு வேலை செய்த சிரில் செத்ததுக்கு ஒப்பாரி வைக்கிறவை. கூட்டத்துக்குப் படுக்கத் தெரியேல்லை எண்டு குறை பிடிச்சது என்ர மனிசி ஒருத்தியாத்தான் இருக்கும்.

சிரிலுக்கு வினோவும் ஒப்பாரி. பாவம் அண்ணை, சட்டப்படி வேலை செய்தவன் எல்லோ எண்டுறான். அதுதானடா பிரச்சினை எண்டன். தன்னை வைச்சுத்தான் பொறி கட்டினவை எண்டு அவனுக்குக் கடைசி மணித்தியாலத்தில விளங்குது. விளங்கியும் என்ன செய்யிறான்? சதுக்கத்துக்கு நடுவில பழைய பகையைக் கண்டு கதாநாயகன் காசியனோட மல்லுக்கட்டுறான். அவனோ "நீ ஆர்?" எண்டு கேட்கிறான். பாகத்தின்ர பேரே அதுதான். இப்பிடி ஒரு அடியை நான் எந்தப் படத்திலயும் கண்டதில்லை.

அடுத்தது அந்த ரோபோ. ரோக் வன் படம் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரிச்ச கே-டூ. அது எங்கயிருந்து வந்ததெண்டு இப்பதான் தெரியுது: சனத்தைத் தூக்கி எறிஞ்சு கொன்ற ரோபோக்களில ஒண்டு. கோர்மனில வாகனம் இடிச்சு விழுத்தினதைக் கிளர்ச்சிக்காரர் கொண்டுபோய் மூளையை மாத்தி எழுப்பினம். ஒன்பதாவது முடிவில அது கண் திறக்க வெளியில ஆக்கள் கைதட்டினவை, எனக்குக் கை வரேல்லை. குண்டன் ஆறுதலாய்ச் சொன்னான்: "அதுக்குப் புனர்வாழ்வு குடுத்திட்டாங்கள் அண்ணை. என்னை மாதிரித்தான். எனக்கு மெமரி மட்டும் அழிக்கேல்லை." அண்டைக்கு எல்லாரும் சிரிச்சது அதுக்குத்தான். மாஸ்டரும்.

மாஸ்டரோட கொழுவினது அதுக்குப் பிறகு. "இது எங்கட கதையடா, எங்கையோ எங்களைப் படிச்சிட்டுத்தான் எடுத்திருக்கிறாங்கள்" எண்டார். பலஸ்தீனத்துக்காரர் காசா எண்டுகினம், உக்ரேன்காரர் தங்கட எண்டுகினம், எல்லாருக்கும் அதில தங்கட ஊர்தான் தெரியுது மாஸ்டர் எண்டன். அதில பிழையில்லை. ஆனா எங்கட எண்டு சொல்லேக்க ஒண்டை மறக்கிறம். கோர்மனுக்கு நடந்ததில பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரியும். கூட்டம் நடந்த அறை, கனிமம், கட்டளை குடுத்த அதிகாரி டெட்ராவின்ர நடுங்கின கை, எல்லாம் வெளிச்சம். எங்கட அறையை எங்களுக்கு ஆர் காட்டினது? 2008 செப்ரெம்பரில ஐ.நா. வாகனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடேக்க வாசலில நிண்டு போகாதையுங்கோ எண்டு கெஞ்சினது எங்கட சனம். பிறகு 2011இல அவையின்ர நிபுணர் குழு 40,000 பேர் வரை செத்திருக்கலாம் எண்டு எழுதினது, 2012இல தாங்கள் தவறின விதத்தைத் தாங்களே ஆராய்ஞ்சு இன்னொண்டு எழுதினது. சதுக்கத்தில பொய் சொல்லவெண்டாலும் செய்தியாளர் வரிசையாய் நிண்டவை, மாஸ்டர். எங்களிட்ட அதுக்கும் ஒருத்தரையும் விடேல்லை எண்டன்.

"அப்ப நீ ஆரின்ர பக்கம்?" எண்டு கேட்டிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர், இன்னும் கடைப்பக்கம் வரேல்லை.

அடுத்த பாகத்தில மொன் மொத்மா எண்ட செனட்டர் சபையில எழும்பி நடந்ததை இனப்படுகொலை எண்டு சொல்லுறா. ஒளிபரப்பை அறுக்க முதல் சொல்லி முடிக்கவேணும், முடிச்ச கையோட ஓடித் தப்பவேணும். கனபேர் அழுதவையாம். வினோ, "இவ்வளவு காலமும் சபையில இருந்து என்ன செய்தவ?" எண்டு கேட்டான். நியாயந்தான். ஆனா கதையில அவ கொஞ்ச நேரத்தில சொல்லிட்டா. எங்கட வடமாகாண சபை அதைத் தீர்மானமாய் எடுக்க 2015 பெப்ரவரி 10 ஆயிற்றுது. பிரம்டனில போன சனிக்கிழமை, 10ஆம் திகதி, தமிழினப்படுகொலை நினைவுத்தூபி திறந்தது இஞ்சையும் பெரிய கதை. கொழும்பு எதிர்த்துக்கொண்டுதான் நிக்குது. நீ போனியோ? மொன்றியலில இருந்து ஆறு மணித்தியாலம் எண்டு சாட்டுச் சொல்லுவாய்.

ரூபன், இவ்வளவும் எழுதினது ஒரு கட்டத்துக்காகத்தான். எட்டாவது முடியேக்க ஒரு பெட்டை றேடியோவில கத்துறாள். எங்களைக் கொல்லுறாங்கள், ஆராவது கேக்கிறியளோ எண்டு. காசியன் வண்டியில போய்க்கொண்டு அதைக் கேட்டு அழுறான். சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள், அந்தக் கட்டத்தில நான் என்னைத்தான் நினைக்கவேணும். எனக்கு ஏனோ உன்ர முகம்தான் வந்தது.

நாங்கள் உள்ளுக்க நிண்டனாங்கள். வெளியில என்ன கேட்டதெண்டு எங்களுக்குத் தெரியாது. ஆசுப்பத்திரியில இருந்து டொக்டர்மார் போனில கதைச்சது அங்க எப்பிடிக் கேட்டது? 2009 மே 10, ரொறன்ரோவில கார்டினர் பெருந்தெருவை எங்கட சனம் மறிச்ச அண்டு நீ பஸ் ஏறிப் போனதை உன்ர அக்காதான் எனக்குச் சொன்னவ. நீ இண்டைவரைக்கும் மூச்சு விடேல்லை. நான் முகாமில இருந்து வந்தாப்பிறகு எடுத்த முதல் கோலிலயும் நீ சாப்பாட்டைப் பற்றியும் என்ர பல்லைப் பற்றியும்தான் கேட்டனி. நானும் உன்னட்ட ஒண்டும் கேட்கேல்லை. அங்க இருந்தவனுக்கு என்ன நடந்திருக்கும் எண்டொரு நினைப்பு எங்களுக்கு. கேட்டுக்கொண்டு ஒண்டும் செய்யேலாமல் நிக்கிறவன்ர பாட்டை இந்த விசர் நாடகத்திலதான் முதல்முதல் கண்டன். எனக்கு அதை எழுது. குரல்பதிவு வேண்டாம், பகிடி விட்டுத் தப்பிடுவாய். எழுது.

முள்ளிவாய்க்கால் கஞ்சிக்கு நீ அனுப்பின காசு வந்திட்டுது. பெடியள் 18ஆம் திகதி கடை வாசலிலயே கிடாரம் வைக்கப்போறாங்கள். தேங்காய் விக்கிற விலைக்குப் பால் விடுறதோ எண்டு ஒரு வழக்கு ஓடுது. உப்பும் அரிசியும் மட்டும்தான் அண்டைக்கு இருந்தது, அப்பிடியே காய்ச்சுங்கோ எண்டு மனிசி தீர்ப்புச் சொல்லிட்டா. வட்டாப்பளைப் பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகவேணும், உன்ர பேரிலயும் ஒரு நேர்த்தி கிடக்காம், என்னெண்டு சொல்லமாட்டாவாம்.

கடைசி மூண்டு பாகமும் நேற்று வந்திட்டுது. மாஸ்டர் இல்லாமல் போடமாட்டம் எண்டு பெடியள் நிக்கிறாங்கள், தர்சன்தான் பெரிய கரைச்சல். நான்தான் போய் அவரைக் கூட்டிவரவேணுமாம். பின்னேரம் போறன். ஆனா நான் சொன்னது சரி.

உன்ர,
சிவா