கிளி வண்டி அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

போன மாதம் தர்மபுரி பக்கம் காரிமங்கலத்தில் எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு வந்து, "ஆயா இல்லையா?" என்று கேட்டீர்களாம். அம்மாவுக்கு வாய் வரவில்லை, சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினாராம். நீங்கள் எதுவும் பேசாமல் எழுந்து போய்விட்டீர்கள் என்று இன்னும் வருத்தப்படுகிறார். உங்கள் பேரும் தெரியாது, நம்பரும் இல்லை. நாமக்கல் வண்டி, முகப்பில் இரட்டைக் கிளி. இதைப் படிக்கிற டிரைவர் யாராவது உங்களிடம் சேர்த்துவிடுவார் என்று நம்பி எழுதுகிறேன்.

எனக்கு உங்களைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் கடன் நோட்டு என் பொறுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அது சொல்லச் சொல்ல வரைவேன். மயில் வண்டி, புலி வண்டி, கிளி வண்டி. படத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கு ஒரு கோடு, டீக்கு ஒரு புள்ளி. பணம் வந்துவிட்டால் பேனாவை வாங்கி ஆயாவே படத்தை அடித்துவிடும். உங்கள் கிளிகள் எல்லாமே அடித்துத்தான் இருக்கின்றன அண்ணா, பாக்கி எதுவும் இல்லை.

ஆயா களி கிண்டுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அடுப்படி பின்பக்கம். நொய் வெந்ததும் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் ஒரு குழி போட்டு மூடிவிடும். மாவு வெந்த பிறகு பானையை இறக்கி, கவட்டைக் குச்சியைக் காலால் மிதித்துப் பானை நகராமல் பிடித்துக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் சுற்றும். அந்த நேரத்தில் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஈர விரலால் தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்றால்தான் உருண்டை பிடிக்கும். வடக்கத்தி டிரைவர்கள் களியை மென்றுகொண்டு திணறினால், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டு கிள்ளி, கீரைக் கடைசலில் புரட்டி, தானே விழுங்கிக் காட்டும். பாஷை ஒன்றும் தேவைப்படவில்லை.

பெங்களூர் பக்கம் போகிறவர்களுக்குக் கேட்ட அளவு உருண்டை. ராத்திரியில் தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் போகிற வண்டி என்றால் ஒன்றுதான். எவ்வளவு கெஞ்சினாலும் இரண்டாவது கிடையாது. "வயிறு ரொம்பினா கண்ணு சொருகும். தொப்பூர் எறங்கினப்புறம் சாப்புடு" என்று மீதியை இலையில் கட்டிக் கொடுக்கும். லாரியில் ஒரு நாளும் ஏறாத மனுஷி. ஆனால் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கினால் பாரத்தோடு பிரேக் சூடாகி, பிடிக்காமல் போய்விடும் என்று தெரியும். எல்லாம் உங்களைப் போன்றவர்கள் பேசிக் கேட்டதுதான். கணவாயில் விபத்து என்று செய்தி வந்தால், வண்டியில் என்ன படம் இருந்தது என்றுதான் முதலில் கேட்கும். நான் பார்த்தவரையில் ஆயா கடை நடத்தியதே இதற்காகத்தான். சாப்பாடு போட்டால் போதாது, சாப்பிட்டவர் வீடு போய்ச் சேரணும்.

தண்ணீருக்குத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டது. போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அதில் ஃபுளோரைடும் அதிகம், எங்கள் பக்கத்தில் பலருடைய பல்லில் கறை இருப்பது அதனால்தான். பருப்புக்கென்று தனியாக ஊர்க் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியபோது அதன் முதுகு வளைந்துவிட்டிருந்தது.

நாலு வழிச்சாலை வந்தது, 7 என்று இருந்த தேசிய நெடுஞ்சாலை எண் 44 ஆனது. வண்டிகள் எங்களைத் தாண்டி வேகமாகப் போக ஆரம்பித்தன. நீங்கள் மட்டும் இறங்கி உள்ளே வந்துகொண்டிருந்தீர்கள். அதை ஆயா எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறது.

போன மார்கழியில் தூக்கத்திலேயே போய்விட்டது, அண்ணா. வலி, ஆஸ்பத்திரி எதுவும் இல்லை. முந்தின நாள் மாலைகூடத் திண்ணையில் உட்கார்ந்து மொச்சை பிதுக்கிக்கொண்டிருந்தது. உங்களுக்குச் சொல்லியனுப்ப வழி தெரியவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடை நடக்கிறது. இப்போது களி கிண்டுவது அம்மா. சேலம் வண்டிக்கு ராத்திரியில் இன்னமும் ஒரு உருண்டைதான். அடுத்த நடையில் எந்தப் பக்கம் போனாலும் வாங்க. வெள்ளிக்கிழமை மட்டும் லீவு.

அன்புடன்,
நோட்டு எழுதிய பேத்தி