மட்கும் பை எதனால் ஆனது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மண் பாக்டீரியாவிலிருந்து மட்கும் பிளாஸ்டிக் எடுப்பதைப் புதுமை என்கிறார்கள். பிரான்சின் பாஸ்டர் நிறுவனத்தில் நுண்ணுயிரியலாளர் மொரிஸ் லெமாய்ன் 1926-லேயே இதைக் கண்டறிந்துவிட்டார். நைட்ரஜன் குறைந்து சர்க்கரை மிகும்போது, நம் உடல் கொழுப்பைச் சேர்ப்பதுபோல், 'குப்ரியாவிடஸ் நெகேட்டர்' என்னும் பாக்டீரியா தன் உலர் எடையில் 80 சதவீதம் வரைகூட 'பிஎச்பி' (பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட்) என்ற இந்தப் பிளாஸ்டிக்கைச் சேமிக்கிறது. மண்ணிலுள்ள பிற நுண்ணுயிர்களுக்கும் அது உணவாவதால்தான் மட்குகிறது. இதன் விலையைப் பெரிதும் ஏற்றுவது பாக்டீரியாவுக்கான தீனிச் செலவு. சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகிலும் அதை வளர்க்க முடியும்.

ஆனால், எங்கள் தெருக் கடையில் தந்த 'மட்கும் பை'யைப் பூந்தொட்டியில் புதைத்து ஓராண்டாகியும் அச்செழுத்துகூட மங்கவில்லை. எப்பொருளால் ஆனது, எச்சூழலில், எத்தனை நாளில் மட்கும் என்பதைப் பையிலேயே அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு.