3 மணி நேரத்துக்கும் 19 மணி நேரத்துக்கும் ஒரே புள்ளியா?

திட்டத்தின் சர்வர்களையும் புள்ளிக் கணக்கையும் கவனித்துக்கொள்ளும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் சர்வர் இணையம் வழியாக அனுப்பும் கணக்குப் பணிகளை வாங்கி, உங்கள் ஆய்வுக்காக என் கணினி ஆறு ஆண்டுகளாக ஓடுகிறது. முடித்த பணிக்கு நீங்கள் புள்ளி தருகிறீர்கள். இதுவரை உங்களுக்கு எழுதவேண்டிய தேவை வந்ததில்லை. போன வாரம் வந்தது.

ஒரே நாளில் இரண்டு பணிகள் இறங்கின. இரண்டுக்கும் மதிப்பிட்ட நேரம் 4 மணி என்றே காட்டியது. முதலாவது 3 மணி 10 நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது 4 மணியைத் தாண்டியதும் மீதி நேரம் குறைவதற்குப் பதிலாக ஏறத் தொடங்கியது. இரவு படுக்கப் போகும்போது 61 சதவீதம், காலையில் 94. கடைசியில் 19 மணி 40 நிமிடம் ஆயிற்று. இரண்டுக்கும் கிடைத்தது அதே 500 புள்ளி.

புள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். இன்றுவரை பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் என்னை எழுத வைத்தது அந்த 500 அல்ல, அந்த இரண்டாவது பணிக்காக உங்கள் இணையதளத்தில் இருக்கும் பக்கத்தில் நான் பார்த்தது. என்னைத் தவிர இன்னும் நான்கு பேருக்கு அதே பணியை அனுப்பியிருக்கிறீர்கள். ஒருவர் முடித்திருக்கிறார். மற்ற மூவரும் கைவிட்டிருக்கிறார்கள்: ஒருவர் 6 நிமிடத்தில், ஒருவர் 11 நிமிடத்தில், ஒருவர் தொடங்காமலேயே. பணியின் பெயரில் வரும் எண்ணைப் பார்த்தே நீளமானது எது என்று பழகியவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. குட்டையானதை வைத்துக்கொண்டு நெட்டையானதைத் தள்ளிவிடுகிறார்கள். அவர்களை நான் திட்டப் போவதில்லை. நீங்கள் வைத்த விலைப்பட்டியலைத்தான் அவர்கள் சரியாகப் படித்திருக்கிறார்கள்.

எவ்வளவு நேரம் ஓடினாலும் ஒரு பணிக்கு இவ்வளவுதான் என்ற நிலையான புள்ளி ஏன் வந்தது என்பது எனக்கும் தெரியும். இப்படித் தன்னார்வலர்களின் கணினிகளில் பணிகளை ஓட்டும் மென்பொருளான பாயிங்க்கின் (BOINC) புள்ளிக்கு, வேற்றுக்கிரக உயிர்களின் சமிக்ஞையைத் தேடிய சேட்டி அட் ஹோம் திட்டத்தின் ஜெஃப் காப் பெயரால் காபில்ஸ்டோன் என்று பெயர். நொடிக்கு நூறு கோடிக் கணக்குகள் போடும் ஒரு அளவுகோல் கணினியின் ஒரு நாள் உழைப்பில் 200-இல் ஒரு பங்கு அது. ஆரம்பத்தில் வேகச் சோதனை எண்ணையும் ஓடிய நேரத்தையும் பெருக்கி ஒவ்வொரு கணினியும் தானே புள்ளி கேட்டது. மென்பொருளைத் திருத்தி அந்த வேக எண்ணை ஊதிப் பெருக்கியவர்கள் உண்டு. அந்தக் கூத்தை நிலையான புள்ளி முடித்துவைத்தது. அந்தப் பழைய முறை திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நேரம் கூடுவதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன. என் பிராசஸர் பழையது, வெயிலில் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அது என் பாடு, அதற்குப் புள்ளி கேட்டால் நீங்கள் சிரிக்கலாம். பணியே நீளமாக இருப்பது வேறு. எவ்வளவு புதிய கணினியில் ஓட்டினாலும் அது குட்டையான பணியைப் போல ஆறு மடங்கு கணக்கைப் போட்டே ஆகவேண்டும். நிலையான புள்ளி முதல் காரணத்துக்கு நியாயமான பதில், இரண்டாவதற்கு அல்ல.

ஆய்வுக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். செர்ன் ஆய்வுக்கூடத்தின் துகள்முடுக்கிக்காக இதே போலத் தன்னார்வலர் கணினிகளில் ஓடும் எல்எச்சி அட் ஹோம் திட்டத்தின் சிக்ஸ்டிராக் பணிகள் நல்ல உதாரணம். 60 துகள்களைத் துகள்முடுக்கியின் வளையத்தில் 1,00,000 சுற்று ஓடுவதாகக் கணினிக்குள் கணக்கிட்டுப் பார்ப்பார்கள். நிஜத்தில் அது 10 நொடிகூட ஆகாது. துகள்கள் சீக்கிரமே சுவரில் மோதித் தொலைந்தால் பணி சட்டென்று முடிந்துவிடும். கடைசிச் சுற்றுவரை தாக்குப்பிடித்தால்தான் நேரம் பிடிக்கும். அங்கே நெட்டையான பணிகளை மட்டும் ஆட்கள் தள்ளிக்கொண்டே இருந்தால், கையில் சேருவது தொலைந்துபோன துகள்களின் கதை மட்டுமே. உங்கள் சர்வரிலும் ஒரு பணி இத்தனை முறைக்கு மேல் தோற்றால் அதை மூட்டைகட்டிவிடும் வரம்பு இருக்கிறது. கடினமான கணக்குகள் அப்படி எத்தனை மூடப்பட்டன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

சராசரியில் எல்லாம் சமமாகிவிடும் என்று முன்பு ஒருமுறை பதில் சொன்னீர்கள். வருவதையெல்லாம் எல்லோரும் வாங்கிக்கொண்டால் சமமாகும். பொறுக்குபவர்கள் குட்டையானதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் எங்களுக்கு வருகிறது. சராசரி அங்கேயே சாய்ந்துவிட்டது.

நான் கேட்பது நேரத்துக்குப் புள்ளி அல்ல, வேலைக்குப் புள்ளி. எத்தனை சுற்றுக் கணக்குப் போட்டது என்பது உங்கள் நிரலுக்கே தெரியும். அந்த எண்ணை விடைக் கோப்பில் எழுதச் செய்யுங்கள். இரண்டு கணினிகளின் விடையை ஏற்கெனவே ஒப்பிட்டுத்தான் ஏற்கிறீர்கள். அதோடு இந்த எண்ணையும் ஒப்பிட்டால் ஏமாற்ற வழியில்லை. காலநிலை மாதிரிகளை ஓட்டும் கிளைமேட்பிரெடிக்ஷன் திட்டம், மாதிரி முன்னேற முன்னேறத் தவணையாகப் புள்ளி தருகிறது. பாதியில் நின்றுபோன பணிக்கும் போட்ட உழைப்புக்கு ஏதோ கிடைக்கிறது.

அதற்கு ஆள் இல்லை என்றால், நெட்டைப் பணிகளைத் தனி வகையாகப் பிரித்து மதிப்பீட்டையாவது திருத்துங்கள். 4 மணி என்று நம்பி இரண்டு நாளைக்கான பணிகளை என் கணினி வாங்கி அடுக்குகிறது. நெட்டையாகவே வந்தால் அது ஒன்பது நாளுக்கு மேல் இழுத்துக் கெடுவைத் தாண்டிவிடும். அதைவிட மோசம், ஒரு பணி எவ்வளவு ஓடலாம் என்று மதிப்பீட்டோடு சேர்த்து நீங்கள் வைக்கும் உச்ச வரம்பு. அதைத் தொட்டால் ஒரு நாள் ஓடிய பணிகூடப் பிழை என்று நின்றுபோகும்.

கடந்த இரண்டு மாதங்களில் என் கணினி முடித்த பணிகளின் பெயர், மதிப்பிட்ட நேரம், உண்மையில் ஓடிய நேரம் மூன்றையும் அட்டவணையாக எழுதி வைத்திருக்கிறேன். பெயரில் எந்த எண் வந்தால் நெட்டை என்பதையும் குறித்திருக்கிறேன். சொன்னால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தன்னார்வலர்களில் ஒருவன்