'அட்'டை அடிக்காதீர்கள்: விடைக்குறிப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கில இலக்கணத்துக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுப்பவன். போன மாதம் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு மாதிரித் தேர்வின் விடைத்தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "தி பாய்ஸ் லாஃப்ட் அட் ஹிம்" (பையன்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்) என்பதை பேசிவ் வாய்ஸுக்கு, அதாவது செயப்பாட்டு வினைக்கு, மாற்றச் சொல்லியிருந்தார்கள். அவள் எழுதியது: "ஹி வாஸ் லாஃப்ட் அட் பை தி பாய்ஸ்." அந்த 'அட்' மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. மதிப்பெண் பூஜ்யம். ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு: இரண்டு ப்ரிபொசிஷன் ('அட்', 'பை' போன்ற சின்னச் சொற்கள்) அடுத்தடுத்து வராது.

வரும். இந்த வாக்கியத்தில் வந்தே ஆக வேண்டும். 'அட்'டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆங்கிலமே இல்லை. திருத்தியவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் கையில் கொடுத்த விடைக்குறிப்பிலேயே 'அட்' இல்லையாம். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

இந்தத் தவறு நம் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு இயல்பாக வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். 'வீட்டைக் கட்டினார்கள்' என்பதைச் செயப்பாட்டு வினையாக்கினால் 'வீடு கட்டப்பட்டது'. வீடு எழுவாய் ஆன உடனே 'ஐ' உதிர்ந்துவிடும், அது வினைக்குப் பக்கத்தில் போய் உட்காராது. பிள்ளைகள் 'அட் ஹிம்' என்பதையும் அப்படித்தான் பார்க்கிறார்கள். 'ஹிம்' இடம் மாறி 'ஹி' ஆகும்போது 'அட்' உதிரத்தானே வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தமிழ்க் கணக்குப்படி அது சரிதான். ஆங்கிலத்தில் அந்த 'அட்' பெயரை விட்டு வினையோடு சேர்ந்துகொள்கிறது. 'லாஃப்' என்ற செயப்படுபொருள் குன்றிய வினையும் (யாரை, எதை என்ற கேள்விக்கு இடம் தராத வினை) 'அட்'டும் கூடி, செயப்படுபொருள் குன்றாத ஒரே வினையாகிவிடுகின்றன. பெயர் எங்கே போனாலும் 'அட்' இருந்த இடத்திலேயே நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்' என்பதைத் தமிழில் செயப்பாட்டு வினையாக்கவே முடியாது. 'அவன் சிரிக்கப்பட்டான்' என்று யாராவது சொன்னால் நாம்தான் சிரிப்போம். இதற்கு நம் மொழியில் அச்சு இல்லை. ஜெர்மனிலும் ஆங்கிலத்தைப் போல இப்படிச் செய்ய முடியாது. நார்வே மொழியில் முடியும். ஆங்கிலத்துக்குள் இது வந்து சேர்ந்ததே 13-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான். உலகத்தில் அபூர்வமான ஒரு அமைப்பைச் சொல்லிக்கொடுக்காமலே விட்டுவிட்டு, பரீட்சையில் மட்டும் கேட்கிறோம்.

அடுத்தடுத்து ப்ரிபொசிஷன் வராது என்ற விதியை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரியவில்லை. 'வாக்கியத்தை ப்ரிபொசிஷனில் முடிக்கக் கூடாது' என்ற பழைய விதியின் ஒன்றுவிட்ட தம்பியாக இருக்கும். அந்த விதிக்காவது ஊர் பேர் உண்டு. 1672-இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் அதைக் குற்றமாகச் சொன்னார், அப்புறம் தன் பழைய உரைநடையிலேயே அப்படி வந்த இடங்களைத் திருத்தினார். ஆனால் டிரைடனே வந்தாலும் பேசிவ் வாக்கியத்தில் ஒன்றும் செய்ய முடியாது. 'ஹூம் தே லாஃப்ட் அட்' என்பதை 'அட் ஹூம் தே லாஃப்ட்' என்று முன்னால் இழுக்கலாம். 'ஹி வாஸ் லாஃப்ட் அட்' என்பதில் 'அட்' நகர இடமே கிடையாது.

சரி, இது ஒரு மதிப்பெண் விவகாரம்தானே என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகு நம் பிள்ளைகள் சந்திக்கும் பேசிவில் இந்த வகையும் அடிக்கடி வரும். 'எ லெட்டர் வாஸ் ரிட்டன் பை ராமா' என்று வாழ்க்கையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் வாடிக்கையாளர் சேவையிலிருந்து வரும் மின்னஞ்சலில் 'யுவர் ரிக்வெஸ்ட் இஸ் பீயிங் லுக்ட் இன்டு' என்று இருக்கும். வேலை போனவன் 'ஐ வாஸ் லெய்ட் ஆஃப்' என்பான். கூட்டம் 'புட் ஆஃப்' ஆகும், பூட்டிய வீடு 'புரோக்கன் இன்டு' ஆகும். நேர்முகத் தேர்வில் நம் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் முதல் வரியே 'ஐ வாஸ் பார்ன் அண்ட் பிராட் அப் இன் திருச்சி' தானே? அந்த 'பிராட் அப்' என்ன என்று ஒருமுறை வகுப்பில் கேட்டேன். "அது அப்படியே வரும் சார்" என்றான் ஒருவன். 'மை கிராண்ட்மதர் பிராட் மீ அப்' என்று கரும்பலகையில் எழுதி, நடுவில் இருந்த 'மீ' வெளியே வந்ததும் 'பிராட்'டும் 'அப்'பும் ஒட்டிக்கொள்வதைக் காட்டிய பிறகுதான் அவன் முகம் மாறியது.

இங்கே ஒரு நுணுக்கம். 'பிரிங் அப்', 'கால் ஆஃப்' போன்றவை நடுவே ஆளை விட்டுக்கொள்ளும். 'லுக் ஆஃப்டர்', 'லாஃப் அட்' விடாது. இலக்கணக்காரர்கள் முதல் வகையை ஃபிரேசல் வெர்ப் என்றும், இரண்டாவதை ப்ரிபொசிஷனல் வெர்ப் என்றும் பிரிப்பார்கள். ஆக்டிவில், அதாவது செய்வினையில், இந்த வித்தியாசம் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும். பேசிவில் அந்தத் தொல்லையே இல்லை, இரண்டும் ஒட்டியே நிற்கும். 'டூ அவே வித்' (ஒழித்துவிடு) போல வால் நீண்டதும் 'வாஸ் டன் அவே வித்' என்று முழு வாலோடுதான் வரும். உண்மையில் ஃபிரேசல் வெர்ப் பாடத்தை பேசிவிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கட்சி. நீங்களோ ஒரு பாடத்தில் வாய்ஸ், வேறொரு மூலையில் ஃபிரேசல் வெர்ப் என்று பட்டியல் போட்டு, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாதபடி வைத்திருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் இப்படித் திருப்பிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். 'எ டிசிஷன் வாஸ் அரைவ்ட் அட்' சரி. 'சென்னை வாஸ் அரைவ்ட் அட்' தவறு. ஒருவர் வந்து இறங்கியதால் சென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை, முடிவோ அந்த வினையால்தான் உருவாகிறது. 'திஸ் பெட் ஹாஸ் பீன் ஸ்லெப்ட் இன்' என்றால் கசங்கிய விரிப்பு கண்ணில் தெரிய வேண்டும். இதையெல்லாம் பத்தாம் வகுப்பில் விளக்கச் சொல்லவில்லை. வினா எழுதும்போது உங்கள் மனதில் இருந்தால் போதும்.

அப்புறம் அந்த 'பை'. ஆள் யாரென்று தெரியாவிட்டாலும் 'பை சம்ஒன்' என்று ஒட்டச்சொல்வதை தயவுசெய்து நிறுத்துங்கள். திருடன் யாரென்று தெரியாததால்தான் வீடு 'புரோக்கன் இன்டு' என்கிறோம்.

எளிய வழி ஒன்று உண்டு, கிரிக்கெட். 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் மான்செஸ்டரில் நியூசிலாந்தின் குப்தில் எறிந்த பந்து ஸ்டம்பில் பட்டதே, 'தோனி வாஸ் ரன் அவுட்'. 2024-இல் பெங்களூரில் நியூசிலாந்துக்கு எதிராக 'இந்தியா வாஸ் போல்ட் அவுட் ஃபார் 46'. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்ச் நிமிர்ந்து உட்காரும். தமிழில் நாம் 'ரன் அவுட் ஆயிட்டார்', 'மேட்ச் கேன்சல் ஆயிடுச்சு' என்போம். 'படு' சேர்த்துப் பேசுவது நம் வாய்க்கு வழக்கமில்லை. தொல்காப்பியமே செயப்படுபொருளைச் செய்ததுபோலச் சொல்வது வழக்கம்தான் என்று ஒத்துக்கொள்கிறது. உரைகளில் வரும் எடுத்துக்காட்டு 'திண்ணை மெழுகிற்று': மெழுகியது ஆள், சொல்வதோ திண்ணையே மெழுகியதுபோல. அந்த 'ஆயிட்டார்' மூளையில் இருப்பதாலோ என்னவோ பிள்ளைகள் 'ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்' என்று இல்லாத இடத்தில் பேசிவ் போடுகிறார்கள். இருக்க வேண்டிய 'அட்'டை விடுவதும், இருக்கக் கூடாத 'வாஸ்'ஸைச் சேர்ப்பதும் ஒரே நோயின் இரண்டு முகம்.

காதும் ஒரு காரணம். 'லாஃப்ட் அட் ஹிம்' என்று வேகமாகச் சொல்லும்போது 'அட்' தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. 'ஹி வாஸ் லாஃப்ட் அட்' என்று முடியும்போது அதே 'அட்' முழுசாக, கணீரென்று ஒலிக்கும். வாய்ஸ் பாடத்தைப் பேனாவால் மட்டும் நடத்தாமல் ஒரு தடவை வாயாலும் நடத்திப் பாருங்கள்.

அந்த மாணவிக்கு மறுகூட்டல் கேட்கலாமா என்று யோசித்தேன். மாதிரித் தேர்வுக்கு அதெல்லாம் கிடையாதாம். அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அடுத்த தடவை வந்தா 'அட்' போடட்டுமா, வேண்டாமா சார்?" என்று கேட்டாள். போடு என்றுதான் சொல்லியிருக்கிறேன். உங்கள் அடுத்த விடைக்குறிப்பு அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்