அது எரிமலைக் குழம்பு அல்ல

ஐயா,

சென்ற ஞாயிறு இணைப்பில் இந்தோனேசியாவின் காவா ஈஜென் எரிமலைப் படத்தைப் போட்டு, ‘நீல நிற எரிமலைக் குழம்பு’ என்று கீழே எழுதியிருந்தீர்கள். படம் அருமை, குறிப்புதான் தப்பு. 34 வருடம் வேதியியல் நடத்தியவனுக்கு சிவப்பு மைப் பேனாவை எடுக்காமல் இருக்க முடியவில்லை.

2016-இல் சுரபாயாவில் வேலையிலிருந்த மகன் எங்களை அங்கே கூட்டிப்போனான். நள்ளிரவுக்கு மேல், நடை தொடங்கும் பால்டுடிங் என்ற இடத்திலிருந்து 3 கி.மீ. ஏற்றம், அப்புறம் பள்ளத்துக்குள் இறக்கம். வாடகை முகமூடியையும் மீறித் தீக்குச்சி கிழித்த நெடி தொண்டையைப் பிடித்தது.

நீலமாகத் தெரிவது எரிகிற கந்தகம். பாறை வெடிப்புகளில் கொதித்து வரும் கந்தக ஆவி காற்றைத் தொட்டதும் பற்றிக்கொள்கிறது. கொஞ்சம் திரவமாகி எரிந்தபடியே சரிவில் ஓடுவதால் குழம்பு மாதிரி தோன்றும். பகலிலும் எரிகிறது, வெளிச்சத்தில் தெரியாது, அவ்வளவுதான்.

எரியாமல் தப்பினால்தான் கந்தகம் நமக்குக் கிடைக்கும். எரிமலை வாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சல்ஃபர் டை ஆக்சைடும் கூடினால் மிஞ்சுவது கந்தகமும் தண்ணீரும். சூடு தணியும் இடத்தில் அந்தக் கந்தகம் படியும். வெடிப்பின் விளிம்பில் அது ஊசி ஊசியாகப் பூத்திருந்ததைப் பார்த்தேன். தொழிலாளர்கள் வாயுவை நீளமான பீங்கான் குழாய்களுக்குள் திருப்பிவிடுகிறார்கள். குழாய்க்குள்ளேயே ஆவி குளிர்ந்து, மறுமுனையில் ரத்தச் சிவப்பாகச் சொட்டுகிறது. சுமார் 115 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இறுகிவிடும். ஆற ஆறச் சிவப்பு ஆரஞ்சாகி, கடைசியில் மஞ்சள் கல். ஒரு சொட்டு நிறம் மாறி முடிகிறவரை நகராமல் நின்றேன். வகுப்பில் எத்தனையோ தடவை வாயால் சொன்னதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் கல்லைக் கடப்பாரையால் பெயர்த்து, மூங்கில் கூடைகளில் 70, 80 கிலோ தோளில் ஏற்றி, நாங்கள் தடுமாறி இறங்கிய அதே பாதையில் ஏறுகிறார்கள். சிலர் வாயில் ஈரத்துணிதான். அவர்கள் படம் ஒன்றையும் சேர்த்திருக்கலாம்.

விடிந்து மேலே வந்தபோது என் மனைவியின் வெள்ளி மெட்டி கறுத்திருந்தது. “என்னங்க, கவரிங்கை வாங்கிப் போட்டுட்டீங்களா?” என்றாள். ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் வெள்ளி கறுக்கும் என்று விளக்கினேன், நம்பவில்லை. உங்கள் திருத்தம் அச்சில் வந்தால் காட்டலாம் என்றிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தென்காசி